நாற்பதுக்குக் கீழே

சாவிக்காரரின் ரத்தம் புகழ்பெற்றது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு.

அந்த நேரத்தில் சாவிக்காரர், மார்புநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில், ஒரு கால் குட்டையான பெஞ்சில், மனைவியின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெஞ்சு ஆடியது. பக்கத்தில் மனைவி இருமும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஆடியது. அவர் வந்தது தன் ரத்தத்துக்காக இல்லை, அவளுடைய இருமலுக்காக. ஆனால் நிலையத்துக்கு அது தெரியாது. கடைசிவரை தெரியவும் இல்லை.

இருமலுக்கு அப்போது வயது ஒன்பது வாரம். அவள் ஒரு மெத்தைப் பட்டறையில் மெத்தை தைப்பவள். முதல் ஒரு மாதம் இருமலைப் பஞ்சுத் தூசியின் கணக்கில் எழுதிவிட்டாள்.

"பஞ்சுல வேலை செய்யுறவ இருமாம, பூட்டு பார்க்குறவரா இருமுவார்? போய் உங்க வேலையப் பாருங்க" என்று விரட்டினாள்.

சாவிக்காரர் போய்த் தன் வேலையைப் பார்த்தார். அவருடைய வேலை, தலைமுடி அளவு வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது. ஒரு நாள் அவள் பாத்திரம் கழுவும்போது விரலிலிருந்த வெள்ளி மோதிரம் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவர் அதை வாங்கி, ஒரு துண்டு வெட்டி எடுத்து, மறுபடி வளைத்துப் பற்றவைத்துப் போட்டுவிட்டார். மூன்று வாரத்தில் மறுபடி விழுந்தது. மறுபடி வெட்டினார். வெட்டிய துண்டுகளை மேசை இழுப்பறையில் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் போட்டு வைத்தார். அரிசி அளவுகூட இருக்காது. ஆனாலும் இரண்டாவது துண்டு உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு, "கிளம்பு, நிலையத்துக்குப் போறோம்" என்றார்.

வேறெங்கும் போகவும் முடியாது. அந்த இருமலுக்கு மருந்து வைத்திருந்தது நிலையம் மட்டும்தான். மற்ற டாக்டர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்: 'நிலையம்.'

*

நிலையத்தின் சுவர்களில், ஒவ்வொரு மாடியிலும், பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'ரத்தம் பொய் சொல்லாது.' அதற்குக் கீழே பழைய வண்ணத்தில், பாதி அழிந்து: 'இங்கே துப்பாதீர்கள்.'

இரண்டாவது வாசகம் ஒரு காலத்தில் சுகாதாரம் பற்றியது. இரண்டு வருடமாக அது கொள்கை. புதிய இயக்குநர் வந்த கையோடு சளிப் பரிசோதனையை நிறுத்திவிட்டார். "இருபத்தோராம் நூற்றாண்டுல இன்னும் எச்சிலை வெச்சு விளையாடிட்டு இருக்கோம்" என்று அவர் ஒரு கூட்டத்தில் வருத்தப்பட்டார். சளி அறை இடிக்கப்பட்டு, அங்கே ஒரு விழா அரங்கம் எழுந்தது. மருந்து அலமாரி கனமாக இருந்ததால் அதை மட்டும் நகர்த்தாமல், மேடைத் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டார்கள்.

சளிக்குப் பதிலாக ஒரு கருவி வந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் காசநோய்க் கிருமிக்கு எதிராக உடம்பு செய்திருக்கும் பன்னிரண்டு விதமான எதிர்ப்பொருட்களை அளந்து, எல்லாவற்றையும் கூட்டி, ஒரே எண்ணாகத் துப்பும். அதற்குப் பெயர் குறியீடு. நாற்பதுக்கு மேலே என்றால் கிருமியோடு தொடர்பு உண்டு, மேற்கொண்டு பார்க்கலாம். நாற்பதுக்குக் கீழே என்றால் தொடர்பே இல்லை, வீட்டுக்குப் போகலாம். மேலே, கீழே என்று பிரிக்க இது என்ன ரயில் படுக்கையா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

ரத்தம் எடுக்கும் நர்ஸ், மனைவி கையில் ஊசி போட்டார். பிறகு, "அதே வீட்ல இருக்கீங்களா? ஒப்பீட்டுக்கு உங்களுதும் குடுங்க" என்று சாவிக்காரர் கையையும் பிடித்தார். ஊசி குத்திய இடத்தில் ஆளுக்கொரு பஞ்சு. மனைவி தன் பஞ்சை எடுத்து, இரண்டு விரலால் இழுத்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது பஞ்சே இல்லைங்க. கழிவு. இதை வெச்சு ஒரு தலையணை தெச்சா தலை நேரா தரையத் தொடும்."

"சும்மா இரு. பிடிச்சு அழுத்து."

"மட்டமான பஞ்சுனு சொன்னேன், தப்பா?" என்றாள். மிச்சத்தை இருமல் பறித்துக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து முடிவுக்காகத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்திருந்தார்கள். பதினொன்றேகாலுக்குக் கதவு திறந்தது. இயக்குநரே வெளியே வந்தார். பின்னால் பதிவு எழுத்தர், ஒரு கோப்போடு.

"யார் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு?"

யாருக்கும் புரியவில்லை. எழுத்தர் கோப்பைப் பார்த்து, சாவிக்காரரைக் காட்டினார். இயக்குநர் இரண்டு கைகளையும் நீட்டிச் சாவிக்காரரின் கையைப் பற்றிக்கொண்டார். எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்த அந்தக் கையை யாரும் அப்படிப் பற்றியதில்லை.

"இருநூற்றுப் பன்னிரண்டு! ரெண்டு வருஷத்துல நான் பார்த்த உச்சம் தொண்ணூறு!"

"சார், இவளுக்கு என்ன சார்?"

எழுத்தர் புரட்டினார். "ஒன்பது. கீழே. தொடர்பு இல்லை. வீட்டுக்குப் போகலாம்."

*

போகவிடவில்லை. சாவிக்காரருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், தோலில் மருந்து குத்திப் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள். நுரையீரல் கண்ணாடி மாதிரி இருந்தது. தோலில் ஒரு தடிப்புகூட இல்லை. கிருமி அவரைப் பிடிக்கவே இல்லை. அத்தனை நேரமும் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஒன்பதுக்கு எக்ஸ்ரே கிடையாது.

இயக்குநர் தன் அறையில் அவரை எதிரில் உட்காரவைத்தார்.

"உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். கிருமி ஒரு பூட்டு. எதிர்ப்பொருள்ங்கிறது உடம்பு அதுக்குச் செய்யுற சாவி. உங்க உடம்பு பன்னிரண்டுக்குப் பதினோரு சாவி செஞ்சு கையில வெச்சிருக்கு. அதான் நோய் உள்ள வரலைன்னு நான் நினைக்கிறேன்."

"பூட்டைப் பார்க்காம சாவி செய்ய முடியாதே சார்."

"கரெக்ட்! உங்க ரத்தம் பூட்டைப் பார்த்திருக்கு. தினமும், ரொம்பப் பக்கத்துல, பல மாசமா."

"எங்க சார் பார்த்துச்சு? வீட்ல நானும் இவளும்தான்."

"இவங்க குறியீடு ஒன்பது. இவங்ககிட்ட சாவியே இல்ல."

"சாவி இல்லன்னா பூட்டு இல்லன்னு ஆயிடுமா சார்? சாவி இல்லாதவங்கதான் என் கடைக்கு வர்றாங்க. அவங்க எல்லார் வீட்லயும் பூட்டு இருக்கு."

இயக்குநர் எழுத்தரைப் பார்த்துப் புன்னகைத்தார். "எளிய மக்களோட நகைச்சுவை. குறிச்சுக்கோங்க, விழாவுல உதவும்."

"சார், இவ மோதிரத்தை ரெண்டு தடவை சின்னது பண்ணிட்டேன்."

"நகை விஷயம் நம்ம துறை இல்லை" என்றார் இயக்குநர், கனிவாகவே.

*

சாவிக்காரரின் ரத்தம் எந்த நோயாளியைப் பார்த்தது என்று கண்டுபிடிக்க, 'தோற்றுவாய் தேடும் குழு' அமைக்கப்பட்டது. நான்கு பேர். அவர்கள் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார்கள்.

வீடு என்பது கடைக்குப் பின்னால் ஒரே அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், கட்டிலில் அவளே தைத்த மெத்தை, அவளே தைத்த இரண்டு தலையணை. குழு சுவர்களைத் தட்டிப் பார்த்தது. சுவரில் மாட்டியிருந்த முந்நூறு மாதிரிச் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் பஞ்சால் துடைத்து, முந்நூறு குப்பிகளில் போட்டு எண் எழுதியது. அடிக்கடி ஜன்னலில் வந்து உட்காரும் ஒரு பூனையிடமும் ரத்தம் எடுத்தது. பூனை ஒப்புதல் தரவில்லை என்று ஓர் உறுப்பினர் பதிவு செய்தார்.

மனைவி நால்வருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது இருமினாள். கட்டிலின் கால் நடுங்குகிற இருமல். குழுத் தலைவர் பதறிப்போய்க் குப்பிகளைக் கையால் மூடினார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு இருமுங்க. மாதிரிகள்ல கலந்துடும்."

அவள் கதவுப் பக்கம் போய் நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி இருமினாள். தலைப்பில் சிவப்பாக ஒரு புள்ளி. அவள் அதை உள்பக்கமாக மடித்துக்கொண்டதைச் சாவிக்காரர் பார்த்தார். குழு பார்க்கவில்லை. குழு அப்போது கதவுத் தாழ்ப்பாளைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. தோற்றுவாய் கிடைக்கவில்லை. பூனையின் குறியீடு ஆறு.

"என்னங்க," என்றாள் அவள், சுவரில் சாய்ந்தபடி, "பூனை என்னைவிட மூணு கம்மி. அதுக்கு என்னைவிட நல்ல உடம்பு."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு இழுப்பறையைத் திறந்து இடுக்கியை எடுத்தார். மூன்றாவது தடவை.

*

நிலையத்தின் வாசலில் வருகைச் சீட்டு கொடுக்கும் கூண்டில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். எல்லாரும் அவரைக் கண்ணாடியம்மா என்பார்கள். முப்பத்தொரு வருடம் கண்ணாடித் தகடுகளில் சளியைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர். சளி அறை போன பிறகு, ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் மிச்சமிருந்ததால், சீட்டு கொடுக்க அனுப்பிவிட்டார்கள். அவருடைய மைக்ரோஸ்கோப்பும் கூடவே வந்தது. சீட்டுக் கட்டுகள் காற்றில் பறக்காமல் இருக்க மேலே நிற்கும். நிலையத்தின் சொத்துப் பட்டியலில் அது 'காகித எடை, பெரியது, ஒன்று.'

சாவிக்காரர் அன்று தனியாக வந்திருந்தார். மாடி ஏற அவளால் முடியவில்லை. அவர் கூண்டுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் கண்ணாடியம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"சளி வருதா?"

"வருதும்மா."

"நாளைக்குக் காலையில எழுந்ததும் வர்றதை, மூடி இருக்கிற ஒரு டப்பாவுல பிடிச்சுட்டு வா தம்பி. யார்கிட்டயும் காட்டாத. இங்க அது கடத்தல் சாமான் மாதிரி."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியம்மா தகட்டைச் சூடு காட்டினார், சாயம் ஊற்றினார், கழுவினார், காகித எடையின் கீழே வைத்துக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு நகர்ந்து, "நீயே பாரு" என்றார்.

சாவிக்காரர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நீலமாக ஒரு பரப்பு. அதில் சிவப்பாகப் பொடிப் பொடிக் குச்சிகள். சாவியை அரத்தால் ராவும்போது மேசையில் விழுகிற தூள் மாதிரி.

"இதெல்லாம்..."

"இதெல்லாம்தான். எண்ணி முடியாது. உன் ரத்தம் இதைத்தான் தம்பி பார்த்திருக்கு. அவ மூச்சுல வந்ததை."

"அப்ப அவளுக்கு ஏன் ஒன்பது?"

கண்ணாடியம்மா தகட்டைத் துடைத்தார். "எதிர்த்து நிக்க உடம்புல தெம்பு வேணும்ல? சிலருக்கு நோய் முத்த முத்த அது விட்டுடும். அந்தக் கருவி நோயை அளக்கல. சத்தம் போடுறவங்க யாருன்னு அளக்குது. அவளால சத்தம் போட முடியல."

முடிவை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாவிக்காரர் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார். பதிவு எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷர். அவருக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஃபாரத்துல சளிக்குக் கட்டமே இல்லையேப்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சு. நான் இதை எங்க எழுதுவேன்?"

"ஓரத்துல எழுதுங்க சார்."

"ஓரம் துளை போட்டுக் கயிறு கட்டுறதுக்கு. எழுதினா துளை எழுத்து மேல விழும்."

*

விழா நடந்தது. சளி அறை இருந்த அரங்கில் இருநூறு நாற்காலி. மேடையில் சாவிக்காரர், கடன் வாங்கிய சட்டையில். அவருடைய பதினோரு எதிர்ப்பொருட்களின் வரைபடத்தைச் சட்டம் போட்டு அவர் கையிலேயே கொடுத்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து இந்த நிலையம் களைத்துப்போயிருந்தது. நோயாளிகள் என்ன தருகிறார்கள்? இருமல். புகார். சில சமயம் இறந்தும் விடுகிறார்கள். அது நம் புள்ளிவிவரத்தைப் பாதிக்கிறது. ஆகவேதான் நாம் ஆரோக்கியமானவர்கள் பக்கம் திரும்பினோம்! இந்த மனிதரைப் பாருங்கள். கொடிய கிருமியின் பக்கத்திலேயே படுத்து எழுந்தும் கீறல்கூட இல்லை. எந்த நோயாளி இவருக்கு இதைக் கொடுத்தார் என்று நமக்குத் தெரியாது. அந்த முகம் தெரியாத நோயாளிக்கு இந்த நேரத்தில் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்!"

கைத்தட்டல். சாவிக்காரரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிபெருக்கிக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விட்டார். அது கிறீச்சிட்டது.

"அது என் வீட்டுக்காரிதாங்க" என்றார். "அவளுக்கு மருந்து குடுங்க."

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. எழுத்தர் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிக்கொண்டார்: 'தம் வெற்றிக்கு மனைவியே காரணம் என்று நெகிழ்ந்தார்.'

ஆனால் முன்வரிசையில் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறந்து இயக்குநரிடம் கேட்டார்: "தோற்றுவாய் இல்லாம உங்க கட்டுரையை எந்த இதழ் போடும்?"

அந்தக் கேள்வி, ஒன்பது வார இருமலும் அதற்குப் பின்னால் வந்த ஏழு வார இருமலும் செய்யாததைச் செய்தது. மறுநாளே மனைவி 'ஊகிக்கப்பட்ட தோற்றுவாய்' என்று அறிவிக்கப்பட்டாள். மருந்து கொடுக்கலாம் என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பச்சை மையில்.

சாவிக்காரர் அந்தத் தாளோடு எழுத்தரைக் கூட்டிக்கொண்டு மேடைத் திரைக்குப் பின்னால் ஓடினார். இரும்பு அலமாரி. ஒரு பெரிய பூட்டு. எழுத்தர் சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார்.

"சாவி... இதைத் திறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நாற்பதுக்கு மேல வந்தவங்களை எல்லாம் ஆய்வுல சேர்த்தோமா, மருந்து வரைக்கும் யாரும் வரல."

சாவிக்காரர் பையிலிருந்து கம்பியை எடுத்துவிட்டார். "ஒரு நிமிஷம் சார். இது எனக்குத் தண்ணி பட்ட பாடு."

எழுத்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, தொடாதீங்க! நீங்க ஆய்வுக்கு உட்பட்ட நபர். ஆய்வுக்கு உட்பட்டவர் நிலையத்துக்கு வேலை செஞ்சா உள்நோக்கம் இருக்குன்னு ஆயிடும். உங்க ரத்தமே செல்லாது. விதி பதினாலு."

"ரத்தம் செல்லாமப் போகட்டும் சார்!"

"உங்க ரத்தம் செல்லலைன்னா, அவங்க ஊகிக்கப்பட்ட தோற்றுவாய் இல்ல. தோற்றுவாய் இல்லைன்னா மருந்து இல்ல. நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. அதுதான் கொடுமை. எந்தப் பல்லைத் தள்ளினாலும் இன்னொரு பல் தடுக்கிற பூட்டு அது. அவர் கம்பியைப் பைக்குள் வைத்தார். திறக்கக் கூடிய பூட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அவர் வாழ்க்கையில் அன்றுதான்.

அந்த ஊரில் சாவிக்காரர் அவர் ஒருவர்தான். இன்னொருவர் நாலு மணி நேரத் தொலைவில் இருந்தார். அவருக்குக் கடிதம் போய், அவர் வந்து சேர ஆறு நாள். வந்தவர் சைக்கிள் பூட்டு மட்டுமே பார்ப்பவர். அவர் அலமாரியின் முன்னால் மண்டியிட்டார். சாவிக்காரர் இரண்டு கெஜம் தள்ளி ஒரு நாற்காலியில், உள்ளங்கைகளை முழங்காலில் வைத்து உட்காரவைக்கப்பட்டார். எழுத்தர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இடது பக்கம் அண்ணே. இன்னும் கொஞ்சம். அழுத்தாதீங்க, சும்மா தொட்டுட்டு நில்லுங்க. மூணாவது பல் தட்டுதா?"

"தட்டுற மாதிரியும் இருக்கு, தட்டாத மாதிரியும் இருக்கு."

"மூச்சை விடுங்க. கை நடுங்குது உங்களுக்கு."

"உங்களுக்கும்தான் நடுங்குது" என்றார் அவர், திரும்பாமலே.

மாலை நாலு மணிக்குத் திறந்தது. உள்ளே வரிசை வரிசையாக மாத்திரை, தூசி படியாமல். எழுத்தர் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பித் தேதி பார்த்தார். காலாவதி ஆகாதவை ஒரு மூலையில் கொஞ்சம் இருந்தன. ஒருவருக்கு ஆறு மாதம் வரும். இரண்டு மாதம் முன்னால், அந்தச் செவ்வாய்க்கிழமையே தொடங்கியிருந்தால் முழுதாகப் பிழைத்திருக்க அது போதும்.

அவள் முதல் மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு பெருசா? பூட்டுக்குப் போடுற எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க. வழுக்கிட்டுப் போகும்."

மூன்று நாள் சாப்பிட்டாள். நாலாம் நாள் மாத்திரை தண்ணீர் டம்ளரின் பக்கத்திலேயே இருந்தது.

நிலையம் அவளுடைய கோப்பை முறைப்படி மூடியது. கடைசி வரி, எழுத்தரின் அழகான கையெழுத்தில்: 'குறியீட்டின்படி ஆரோக்கியமாக இருந்த நிலையில் காலமானார்.'

*

சாவிக்காரரின் கோப்பு மூடப்படவில்லை. மாதம் ஒரு முறை ரத்தம்.

கண்ணாடியம்மா அவரைக் கூண்டுக்கு அழைத்து, "ஜன்னலைத் திறந்து வை. மெத்தை, தலையணை எல்லாத்தையும் வெயில்ல போடு. வெயில்ல அந்தக் கிருமி நிக்காது. உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்றார். சாவிக்காரர் அப்படியே செய்தார். சொன்னதைச் செய்யத்தான் அவரால் அப்போது முடிந்தது.

முதல் மாதம் குறியீடு நூற்று அறுபத்து நாலு. இரண்டாம் மாதம் நூற்றுப் பதினெட்டு. பிறகு எண்பத்து மூன்று. ஆறாவது முறை நாற்பத்தொன்று. இயக்குநரின் முகம் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"என்ன இது, இறங்கிட்டே போகுது? வீட்ல ஏதாவது மாற்றமா?"

சாவிக்காரர் யோசித்தார். "ஜன்னல் திறந்திருக்கு சார்."

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர் விளக்கினார். "உங்க விஷயத்துல என்னன்னா, பார்த்துட்டே இருக்கிற வரைக்கும்தான் ரத்தம் ஞாபகம் வெச்சிருந்திருக்கு. பார்க்கிறது நின்னதும் மறக்க ஆரம்பிச்சிடுச்சு."

"மறந்துடுமா சார்?"

"அடுத்த மாசம் நாற்பதுக்குக் கீழ போயிடும்."

"போனா என்ன எழுதுவீங்க?"

எழுத்தர்தான் பதில் சொன்னார், மெதுவாக. "ஃபாரத்துல இருக்கிறதைத்தான் எழுதணும். 'தொடர்பு இருந்ததில்லை.'"

அவளோடு பத்தொன்பது வருடம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல்.

அன்று வீட்டுக்குப் போனதும் ஜன்னலைச் சாத்தினார். மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய தலையணையை எடுத்துவந்து கட்டிலில் போட்டார். உறையைக் கழற்றவில்லை. தையல் பிரிந்த ஒரு மூலையில் பஞ்சு எட்டிப் பார்த்தது. நல்ல பஞ்சு. பட்டறையிலேயே தேடிப் பொறுக்கி, வீட்டுக்கென்று அவள் ஒதுக்கி வைத்தது. அதில் முகத்தை அழுத்திக் குப்புறப் படுத்தார். உள்ளே இழுத்தார். நிறுத்தினார். மறுபடி இழுத்தார். தினமும் கடை சாத்தியதும் அதுதான் வேலை. பூனை ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடியைச் சுரண்டியது. அவர் திறக்கவில்லை.

ஏழாம் முறை, எழுத்தர் காகிதத்தைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"நாற்பத்து மூணு."

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஏறியிருக்கு! கிருமி பக்கத்துலயே இல்லாம ஏறியிருக்கு! இது புது விஷயம்! ஒரு குழு போடணும், உடனே!"

சாவிக்காரர் குழுவைப் பற்றிக் கேட்க நிற்கவில்லை. கீழே இறங்கி ஓடிவந்து, கூண்டின் ஓட்டை வழியாகக் காகிதத்தை நீட்டினார்.

"நாற்பத்து மூணும்மா. ரெண்டு ஏறியிருக்கு. இருக்கா பாருங்க. இன்னும் இருக்கா?"

கண்ணாடியம்மா காகிதத்தை வாங்கினார். அந்தக் கருவி ஒரே ரத்தத்துக்குக் காலையில் ஓர் எண்ணும் சாயங்காலம் ஓர் எண்ணும் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். ஐந்து கூடும், ஐந்து குறையும். அதற்குப் பெயர் பிழை, வேறொன்றும் இல்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"இருக்கு தம்பி" என்றார். "நல்லாவே இருக்கு."

அடுத்த மாதத்துக்கான சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

சாவிக்காரர் வெளியே வந்தார். ஊசி போட்ட கையை மடக்கி, அந்த மட்டமான பஞ்சு விழுந்துவிடாமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தெருவில் நல்ல வெயில். அவர் எதிர்ப் பக்கத்துக்குக் கடந்து போய், கடைகளின் நிழலிலேயே நடந்தார். வெயிலில் அது நிற்காது என்று கண்ணாடியம்மா சொல்லியிருந்தார்.